சாவிக் கொக்கியிலிருந்து தொடங்குங்கள்: வளர்ந்தவர்களின் ஏடிஎச்டிக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

ஸ்கூட்டர் சாவியை அரிசி டிரம்முக்குள் கண்டெடுத்தது என் மாமியார். உலைக்கு அரிசி அளக்கப் போனவர், சாவியைக் கொண்டுவந்து என் கம்ப்யூட்டர் மேஜையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார். முந்தின நாள்தான் பூட்டுக்காரரிடம் டூப்ளிகேட் போட்டிருந்தோம். அந்த வருஷத்தில் அது மூன்றாவது டூப்ளிகேட்.

அப்போது எனக்கு 36 வயது. திருப்பூரில் பத்துப் பன்னிரண்டு சின்ன பனியன் யூனிட்டுகளுக்கும் நூல் கடைகளுக்கும் வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். அடுத்தவர் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் கண்ணில் பட்டுவிடும். என் அடுப்பில் பால் இருப்பது மட்டும் மறந்துவிடும். மகனுக்கு, கவனம் ஓரிடத்தில் நிற்காமல் அலைகிற ஏடிஎச்டி இருக்குமோ என்று காட்டப் போன இடத்தில், டாக்டர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கக் கேட்க, நான் பதில் சொல்வது மகனைப் பற்றியா என்னைப் பற்றியா என்று எனக்கே குழம்பிப்போனது. ரத்தத்தில் தொடரும் விஷயம் இது. பிள்ளையைக் காட்டப் போய்த் தங்களையே கண்டுகொண்ட அப்பா அம்மாக்கள் ஊரில் நிறையப் பேர்.

சமீபத்தில் தெரியவந்தவர்களுக்கும், "நமக்கும் இதுதானோ" என்று சந்தேகத்தில் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆறு வருஷமாக இதோடு குடித்தனம் நடத்துகிறவள்.

எதையும் ஆரம்பிக்கும் முன்

தமிழில் இதற்குக் கவனக்குறைவு, மிகை இயக்கம் என்றெல்லாம் பெயர் எழுதுகிறார்கள். வளர்ந்தவர்களிடம் ஓட்டமும் குதியும் பெரும்பாலும் தெரியாது, உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். கவனமும் குறைச்சலாக இருப்பதில்லை. வடை கட்டி வந்த பேப்பர் துண்டை நின்ற இடத்திலேயே முழுசாகப் படித்து முடிப்பேன், அதன் மறுபக்கம் எண்ணெயில் ஊறியிருந்தாலும். எங்கே வேண்டுமோ அங்கே கவனத்தைத் திருப்பி, எங்கே வேண்டாமோ அங்கிருந்து பிடுங்கிக்கொண்டு வருவதுதான் கை வராது.

மறதி எல்லோருக்கும் உண்டு என்பது உண்மை. அதனால்தான் டாக்டர்கள் சில வரம்புகள் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற கையேட்டின்படி, கவனச்சிதறலுக்கு ஒன்பதும் பரபரப்புக்கு ஒன்பதுமாக அறிகுறிகள் உள்ளன. 17 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது ஐந்து அறிகுறி இருக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, வேலை, நட்பு என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இடைஞ்சல் தந்திருக்க வேண்டும். போன வருஷம் வேலை மாறியதிலிருந்துதான் இப்படி என்றால் காரணம் வேறாக இருக்கலாம். தைராய்டு, ரத்தசோகை, குறட்டையோடு மூச்சுத் திணறும் தூக்கக் கோளாறு, மனச்சோர்வு, பதற்றம் எல்லாமே இதே வேஷம் கட்டும். உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆறு கேள்விப் பட்டியலை நெட்டில் நிரப்பிப் பார்க்கலாம். அது வெறும் சல்லடை, தீர்ப்பு இல்லை.

காட்ட வேண்டியது மனநல மருத்துவரிடம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்றே தெரியவில்லையென்றால் 14416க்கு அழையுங்கள்; டெலி-மானஸ் என்ற மத்திய அரசின் இலவச எண், 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. போகும்போது பழைய ரேங்க் கார்டுகள் வீட்டில் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். "புத்திசாலி, ஆனால் கவனம் போதாது" என்ற வரி என்னுடையதில் நாலாவதிலிருந்து ஒன்பதாவது வரை வெவ்வேறு கையெழுத்தில் இருந்தது. டாக்டர் அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

மாத்திரையைப் பற்றி நிறையப் பயம் இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் எழுதித் தருவது மெத்தில்ஃபெனிடேட் அல்லது அட்டமாக்ஸடின். முதலாவது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருவதால் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது, சீட்டு இல்லாமல் தரவும் மாட்டார்கள். வேண்டுமா வேண்டாமா என்பது உங்களுக்கும் டாக்டருக்கும் இடையிலான பேச்சு. என் அனுபவம் ஒன்றை மட்டும் சொல்கிறேன். முதல்முதலாக மாத்திரை போட்ட அன்று மூன்று மணி நேரம் தலை தெளிந்த நீரோடை போல இருந்தது. அந்த மூன்று மணி நேரமும் உட்கார்ந்து புடவை அலமாரியை நிறவாரியாக அடுக்கினேன். அன்றைக்கு முடிக்க வேண்டியிருந்தது ஒரு நூல் கடையின் ஜிஎஸ்டி. தெளிவை மாத்திரை தரும். அதை எந்த வேலையில் கொட்டுவது என்று அது சொல்லாது. அதற்குத்தான் கீழே இருப்பவை.

பாட்டியின் முடிச்சு

என் பாட்டி ஏதாவது ஞாபகம் வைக்க வேண்டுமென்றால் முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வாள். பால் கணக்கு அடுப்படிச் சுவரில் கரிக்கோடாக நிற்கும். கடுகும் சீரகமும் மிளகும் அஞ்சறைப் பெட்டியில், கண்ணை மூடிக்கொண்டு கை போகிற இடத்தில் இருக்கும். ஞாபகம் வைக்கும் வேலையைத் தலையிடம் விடாமல் துணிக்கும் சுவருக்கும் பெட்டிக்கும் பிரித்துக் கொடுத்திருந்தாள்.

ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தக் குறைபாட்டைப் பற்றிப் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவதும் கிட்டத்தட்ட இதுதான்: என்ன செய்ய வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியும், தெரிந்ததை வேண்டிய நேரத்தில் செய்வதில்தான் தடுமாற்றம். ஆகவே உதவியை வேலை நடக்கிற இடத்திலேயே கொண்டுபோய் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கேட்ட அறிவுரை செவ்வாய்க்கிழமை காலை கதவைப் பூட்டும் கைக்கு எட்டாது. கதவில் தொங்குகிற கொக்கி எட்டும்.

படி 1: ஒரே ஒரு கொக்கி

இரண்டு வாரத்துக்கு இதை மட்டும் செய்யுங்கள். சாவிக்கு ஒரு இடம். வேறெந்தப் பழக்கத்தையும் தொடாதீர்கள். புதிதாகத் தெரியவந்தவர்கள் எல்லோரும் செய்கிற தப்பை நானும் செய்தேன்: அதே வாரம் நாலரை மணிக்கு எழுவது, யோகா, கலர் கலராக டைரி, வீட்டை முழுக்க ஒழுங்கு செய்வது. ஒன்பதாவது நாள் எல்லாம் ஒன்றாகக் கவிழ்ந்தது.

கொக்கியை அடிக்கும் இடம் முக்கியம். கடையில் மயில் போட்ட அழகான சாவி ஸ்டாண்டு ஒன்றை வாங்கி ஹாலில் டிவி பக்கத்தில் மாட்டினேன். ஒருநாளும் சாவி அங்கே போய்ச் சேரவில்லை. பிறகு ஒரு வாரம் நான் வீட்டுக்குள் எப்படி வருகிறேன் என்று கவனித்தேன். கிரில் கேட்டைத் திறக்கிறேன், செருப்பைக் கழற்ற இடது கையால் சுவரைப் பிடிக்கிறேன், வலது கையில் காய்கறிப் பையும் சாவியும். அங்கிருந்து டிவிக்கு ஏழெட்டு அடி. அந்த ஏழெட்டு அடிக்குள் மகன் கூப்பிடுவான், போன் அடிக்கும், சாவி எங்கேயாவது இறங்கிவிடும். இப்போது இடது கை சுவரைப் பிடிக்கிற இடத்திலேயே, செருப்பு ஸ்டாண்டுக்கு மேல், பத்து ரூபாய் இரும்புக் கொக்கி ஒன்று இருக்கிறது. மயில் ஸ்டாண்டில் என் மாமியார் ஜபமாலை மாட்டியிருக்கிறார்.

அழகான இடம் வேண்டாம், கை தானாகப் போகிற இடம் வேண்டும். ஒரு பொருளை வைக்க எத்தனை செயல் தேவைப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அலமாரியைத் திற, டப்பாவை எடு, மூடியைத் திற, வை, மூடு: ஐந்து. நமக்கு இரண்டுக்கு மேல் தாங்காது. ஆகவே மூடி உள்ள எதுவும் எதிரி. பர்ஸ், கண்ணாடி, சார்ஜர் எல்லாவற்றுக்கும் திறந்த தட்டு அல்லது கூடை போதும். பிரிட்ஜில் கண்ணாடி டப்பா. எவர்சில்வர் டப்பாவில் போட்ட சட்னியை நாலு நாள் கழித்து மூக்குதான் கண்டுபிடிக்கும். கண்ணில் படாத பொருள் எனக்கு உலகத்திலேயே இல்லாத பொருள்.

கொக்கி பழகிவிட்டால் அடுத்தது மாத்திரை, நீங்கள் போடுகிறவராக இருந்தால். வாரத்துக்கு ஏழு அறை வைத்த டப்பா மருந்துக் கடையிலேயே விற்கிறது. மறந்துபோவதைவிட, போட்டோமா போடவில்லையா என்று தெரியாமல் இரண்டாவது தடவை போட்டுவிடுவதுதான் ஆபத்து. செவ்வாய் அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று, அவ்வளவுதான். டப்பாவை நான் காபித்தூள் பாட்டில் மேல் வைக்கிறேன். டப்பாவை நகர்த்தாமல் காபி போட முடியாது. இப்படி ஏற்கனவே இருக்கிற பழக்கத்தின் வாலில் புதியதைக் கட்டுவதற்கு ஆய்வுப் பின்புலமும் இருக்கிறது. "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருப்பவர்கள் பொதுவாக "செய்ய வேண்டும்" என்று நினைப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதினார். சின்னக் குழந்தைகள் வீட்டில் இருந்தால் மட்டும் காபி பாட்டில் யோசனை வேண்டாம், உயரமான இடம் பாருங்கள்.

படி 2: கிழிக்கிற காலண்டர்

விலையுள்ள டைரி வாங்காதீர்கள். என்னிடம் ஆறு இருக்கின்றன, எல்லாவற்றிலும் ஜனவரி எட்டு வரை எழுதியிருக்கிறது. ஆப்களும் அப்படித்தான், போனைத் திறந்தாலே அந்த ஆப்பைத் தவிர எல்லாம் கண்ணில் படும்.

எனக்கு நின்றது மளிகைக் கடையில் தீபாவளிக்கு அப்புறம் ஓசியில் தருகிற தினசரி காலண்டர். ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாம் போட்ட அதே காலண்டர். காலையில் எழுந்ததும் நேற்றைய தாளைக் கிழிக்கிற சுகம் ஒன்று போதும், கை தானாகப் போய்விடும். கிழித்த தாளின் வெள்ளையான பின்பக்கத்தில் இன்றைக்கு மூன்று வேலை எழுதுவேன். மூன்றுதான். நான்காவது எழுதினால் ஒன்றும் நடக்காது. தாளைக் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒட்டிவிடுவேன்.

எழுதும் விதத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. "இன்சூரன்ஸ்" என்று எழுதினால் அந்தத் தாள் எத்தனை நாள் ஆனாலும் அப்படியே இருக்கும். அது வேலையின் பெயர், வேலை இல்லை. "ஸ்கூட்டர் ஆர்சி புக்கை எடுத்து மேஜையில் வை" என்று எழுதுங்கள். கை என்ன செய்ய வேண்டும் என்பது வரியிலேயே இருக்க வேண்டும்.

முடியாத வேலையை மறுநாள் தாளில் மறுபடி கையால் எழுத வேண்டும். மூன்று தடவை எழுதியும் நடக்கவில்லையென்றால் அந்த வேலை பெரிதாக இருக்கிறது, உடைக்க வேண்டும். அல்லது அது உங்களுக்கு வேண்டாத வேலை, யாரிடமாவது கொடுத்துவிடலாம். மகனின் பாட்டு டீச்சரைப் பார்க்கப் போவது பதினோரு தாள் தாண்டியது. கடைசியில் கணவரை அனுப்பினேன்.

மூன்றுக்கு வெளியே தலையில் ஓடுகிற மற்றதெல்லாம்? அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு, அடுப்படியிலேயே, நூல் கட்டிய பேனாவோடு. எந்த ஒழுங்கும் இல்லாமல் கொட்டுங்கள். வாரத்தில் ஒருநாள் எடுத்துப் பார்த்தால் போதும்.

படி 3: நேரத்தைக் கண்ணால் பார்ப்பது

"இதோ அஞ்சு நிமிஷம்" என்று நான் சொன்னால் என் வீட்டில் யாரும் நகர மாட்டார்கள். நான் பொய் சொல்லவில்லை, எனக்கு உண்மையாகவே அஞ்சு நிமிஷம் என்றுதான் படுகிறது. எங்களுக்கு இரண்டே காலம்: இப்போது, அப்புறம். சாயங்காலம் நாலு மணிக்கு வேலை இருந்தால் காலையிலிருந்தே எதுவும் ஓடாது, அல்லது நாலரைக்குத்தான் ஞாபகம் வரும்.

முதலில் அளந்து பாருங்கள். ஒரு வாரத்துக்கு, தினமும் செய்கிற ஐந்தாறு வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று முதலில் ஊகம், பிறகு கடிகாரத்தைப் பார்த்து நிஜம். குளித்து உடுத்திக் கிளம்ப 15 நிமிஷம் என்று வாழ்நாள் முழுக்க நினைத்திருந்தேன். ஒருநாளும் 40க்குக் குறையவில்லை. அந்த 25 நிமிஷம்தான் பள்ளிக்கூட வாசலில் நான் கேட்ட திட்டு அத்தனையும். இப்போது 40 என்றே கணக்கு.

பிறகு, முள் ஓடுகிற கடிகாரம். போன் கடிகாரத்தில் 9:50 என்பது ஒரு எண், அவ்வளவுதான். சுவர்க் கடிகாரத்தில் பத்தை நோக்கி முள் நகர்வது கண்ணுக்குத் தெரியும். அறைக்கு ஒன்று மாட்டுங்கள், குளியலறை உட்பட. நான் மாட்டியபோது வீட்டில் சிரித்தார்கள். இப்போது தாமதம் எங்கே உற்பத்தியாகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

கிளம்ப இரண்டு அலாரம் வையுங்கள். ஒன்று "கையில் இருப்பதைக் கீழே வை", இன்னொன்று "செருப்பைப் போடு". அலாரத்துக்கு இப்படிப் பெயர் கொடுக்கலாம், பெயரில்லாத அலாரம் எதற்கு அடிக்கிறது என்றே நமக்குத் தெரியாது. அணைக்க எழுந்து போக வேண்டிய தூரத்தில் போன் இருக்கட்டும். ஒரே சத்தம் மாதக்கணக்கில் அடித்தால் காது செவிடாகிவிடும், அவ்வப்போது மாற்றுங்கள். நான் போன மாதம் நாதஸ்வரம் வைத்திருந்தேன், பக்கத்து வீட்டு அக்கா யார் வீட்டில் விசேஷம் என்று எட்டிப் பார்த்தார்.

குக்கர் விசில் எண்ணுவது என்னால் ஆகாத காரியம். இரண்டாவதா மூன்றாவதா என்ற சந்தேகத்திலேயே பருப்பு கூழாகும். அடுப்பு மேடையில் மூன்று ஒரு ரூபாய் நாணயம் வைத்திருக்கிறேன். விசிலுக்கு ஒன்று தம்ளருக்குள் விழும். அடுப்படியை விட்டு நகர்ந்தால் டைமரையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் போவேன்.

படி 4: ஆரம்பிக்க முடியாத வேலை

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சோம்பேறித்தனமாகத் தெரிவது இதுதான். வேலை எதிரே இருக்கிறது, செய்ய ஆசையும் இருக்கிறது, ஆள் சோபாவை விட்டு எழ முடியவில்லை. உள்ளே தன்னைத்தானே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஓய்வும் கிடைக்காது, வேலையும் ஆகாது.

எனக்கு அதிகம் கைகொடுத்தது பக்கத்தில் ஒரு ஆள். உதவிக்கு இல்லை, சும்மா இருக்க. திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்தால் ஒரு மூட்டை புளி பேச்சோடு பேச்சாகத் தீர்ந்துவிடும், தனியாக உட்கார்ந்தால் அரைக்கிலோவில் எழுந்து போய்விடுவோம். அதே வித்தைதான். இப்போது கோவையில் இருக்கும் தோழியும் நானும் காலை பத்து மணிக்கு வீடியோ கால் போட்டு, "நான் இந்தப் பில் பதிகிறேன்", "நான் துணி மடிக்கிறேன்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு, மைக்கை அணைத்து வேலையைப் பார்ப்போம். ஐம்பது நிமிஷம் கழித்து முடிந்ததா என்று கேட்டுக்கொள்வோம். நான் இருபது வருஷம் தள்ளிப்போட்ட வேலைகள் அந்த ஐம்பது நிமிஷங்களில் முடிந்திருக்கின்றன.

ஆள் கிடைக்காத நாளில் டைமர். 25 நிமிஷ வேலை, 5 நிமிஷ ஓய்வு என்ற பொமோடோரோ முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிக்காரர் 1980களின் கடைசியில், படிப்பில் மனம் நிற்காமல், தக்காளி வடிவ சமையலறை டைமர் ஒன்றை வைத்து ஆரம்பித்தது. ஆரம்பத்தில் 25 எனக்குப் பெரிது. 10 வைத்தேன். 10 நிமிஷம் ஆனதும் நிறுத்தலாம் என்று நேர்மையாக அனுமதி கொடுங்கள், பாதி நாள் நிறுத்த மனம் வராது.

நடுவில் நினைவுக்கு வருகிற வேறு வேலைகளுக்கு ஒரு துண்டுத் தாள் பக்கத்தில் இருக்கட்டும், மேலே "அப்புறம்" என்று எழுதி. கேஸ் புக் செய்யணும், அத்தை மகள் பிறந்தநாள், ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்: எல்லாவற்றையும் எழுது, கையிலிருப்பதைத் தொடர். டைமர் அடித்ததும் பார்த்தால் பத்தில் எட்டு வேலையே இல்லை. (மூன்று இதயம்.)

படி 5: மறதிக்குக் கட்டுகிற வரி

இதை நான் மறதி வரி என்பேன். தாமதக் கட்டணம், இரண்டாவது தடவை வாங்கிய கத்தரிக்கோல், அழுகிய கீரை, புதுப்பிக்க மறந்த இன்சூரன்ஸ், போகாமல் கட்டிய ஜிம். ஒரு வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்கள், ஒரு தடவை பார்த்தால் போதும்.

கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது நம்மைப் போன்றவர்களுக்கு மோசமான இடைவெளி. மாதாமாதம் வந்தால் பழகும். ஆட்டோபே போட முடிகிற எல்லாவற்றுக்கும் போடுங்கள். அந்தக் கட்டணங்களுக்கென்று தனிக் கணக்கு ஒன்று வைத்து, சம்பளம் வந்த அன்றே அதில் தேவையான தொகையைத் தள்ளிவிடுங்கள். பணம் இல்லாமல் ஆட்டோபே திரும்பினால் அதற்கும் வங்கி பிடிக்கும். எல்ஐசி பிரீமியத்தை மாதத் தவணையாகக் கட்டினால் 15 நாளும், மற்றத் தவணைகளுக்கு 30 நாளும் சலுகை உண்டு என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்தச் சலுகையை நம்பி வாழாதீர்கள். நான் வாழ்ந்திருக்கிறேன்.

ராத்திரி பதினொரு மணிக்கு ஆன்லைனில் வாங்கத் தோன்றுவதற்கு ஒரே மருந்து, கார்டு எண்ணை ஆப்பில் சேமித்து வைக்காமல் இருப்பது. எழுந்து போய்ப் பர்ஸை எடுக்க வேண்டும் என்றால் பாதி ஆசை அடங்கிவிடும்.

தொழிலுக்கு வருகிறேன். மாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற வரிக் கணக்கு. தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய், வரி எதுவும் இல்லாத 'நில்' ரிட்டர்ன் என்றால் 20. எனக்குக் கடைசி நாள் வந்தால்தான் கை ஓடும். ஆகவே 17ஆம் தேதியையே கடைசி நாள் என்று எனக்கு நானே வைத்துப் பார்த்தேன். பலிக்கவில்லை, வைத்தது நான்தானே, பொய் என்று மூளைக்குத் தெரியும். பிறகு கடைக்காரர்களிடம், "17ஆம் தேதி காலை பதினொன்றுக்கு நேரில் வந்து கணக்கைக் காட்டுகிறேன்" என்று சொல்லிவைத்தேன். பனியன் கம்பெனி அண்ணன் ஒருவர் அன்றைக்கு டீ சொல்லி வைத்துக் காத்திருப்பார். காத்திருக்கிற ஆளை மூளை நம்புகிறது. இப்போது 16ஆம் தேதி ராத்திரிதான் எனக்குக் கடைசி ராத்திரி, 20 இல்லை. கண் விழிப்பது நிற்கவில்லை, அபராதம் நின்றுவிட்டது.

தூக்கம், சாப்பாடு, நடை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். ஏடிஎச்டி உள்ள பலருக்குத் தூக்கம் பின்னிரவுக்குத் தள்ளிப்போகும். தூக்கம் கெட்ட மறுநாள் மேலே சொன்ன எந்தப் படியும் வேலை செய்யாது. போன் சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்துவிடுங்கள், நான்கு மணிக்கு மேல் காபி வேண்டாம். மெத்தில்ஃபெனிடேட் பசியைக் கொல்லும், காலைச் சாப்பாட்டை மாத்திரைக்கு முன்பே முடிப்பது எனக்கு ஒத்துவருகிறது. வேர்க்க நடந்த நாளில் அதன் பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் தலை சொன்னபடி கேட்கிறது. கஷ்டமான வேலையை அதை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள்

டாக்டர் சொன்னதை மாமியாரிடம் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆனது. மனசு சம்பந்தப்பட்ட டாக்டர் என்றாலே என்ன நினைப்பாரோ என்று பயம். ஒருநாள் நான் கம்ப்யூட்டரில் இருந்தபோது அடுப்படியிலிருந்து ஏதோ சொன்னார், நான் "சரிங்கத்தை" என்றேன். அரைமணி கழித்து வந்து நின்றார்.

"அம்மிணி, சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்கத்தை. மனசுல நிக்கல."

அதற்குமேல் மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கப்பனும் இப்படித்தான். ஏரு பூட்டப் போறேன்னு போயி சந்தையில நிப்பாரு" என்றார். மறுநாள் மகனின் பழைய சிலேட்டு கிரைண்டருக்கு மேல் ஆணியில் தொங்கியது. எனக்குச் சொல்ல வேண்டியதை இப்போது அதில்தான் எழுதுகிறார், "புளி இல்ல", "மோட்டார நிறுத்து" என்று. வாயால் சொன்னது காற்றோடு போகும், சிலேட்டில் எழுதியது நான் பார்க்கும்வரை அங்கேயே இருக்கும்.

எல்லா வீட்டிலும் இப்படி நடக்காது என்று தெரியும். விளக்கம் எடுபடாத வீட்டில் விளக்கத்தை விட்டுவிட்டு, நடைமுறையாக ஒன்றிரண்டு கேளுங்கள்: "போகிறபோக்கில் சொல்லாதீங்க, வாட்ஸ்அப்ல ஒரு வரி போட்டுடுங்க." "ஒரு தடவைக்கு ஒரு வேலை சொல்லுங்க." காரணம் சொல்லாமலே இதையெல்லாம் கேட்கலாம். வேலை இடத்திலும் இதுவே போதும்.

தெரியவந்த புதிதில் ஒரு துக்கமும் வரும். நாலாவது வகுப்பிலிருந்து வாங்கிய அடியும் திட்டும் வரிசையாக ஞாபகம் வரும், யாராவது அப்போதே கவனித்திருந்தால் என்று. எனக்கு இரண்டு மாதம் இருந்தது. நீளமாக இழுத்தாலோ, உயிர் வெறுத்துப்போகிற நினைப்பு வந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடமோ 14416இலோ பேசுங்கள். மனச்சோர்வும் பதற்றமும் இதோடு சேர்ந்தே வருவது வழக்கம், அதற்குத் தனி வைத்தியம் உண்டு.

எல்லாம் கவிழ்ந்த பிறகு

கவிழும். மூன்றாவது நாலாவது வாரத்தில் புதுசின் பளபளப்பு போனதும் மூளைக்கு அலுத்துவிடும். இது உங்களுடைய தோல்வி என்று நினைத்து எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புது முறை தேடாதீர்கள். காய்ச்சல், விருந்தாளி, ஊர்த் திருவிழா, எது வந்தாலும் கவிழும். ஆகவே நல்ல நாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மோசமான நாளில் எந்த மூன்றை மட்டும் விடக் கூடாது? எனக்குச் சாவி கொக்கியில், மாத்திரை டப்பாவில், தாள் கிழிப்பது. மற்றதெல்லாம் போகட்டும். அந்த மூன்றும் நின்றால் மிச்சத்தை மறுபடி ஒவ்வொன்றாக மேலே அடுக்கலாம். அலுத்துப்போனதைக் கொஞ்சம் மாற்றினாலும் போதும்: பேனா நிறம், அலாரச் சத்தம், தாள் ஒட்டுகிற இடம்.

போன மாதம் என் கொழுந்தனார் மகள் கல்யாணம். ஐந்து நாள் காலண்டர் பக்கமே போகவில்லை. திரும்பி வந்தபோது அது இன்னும் முகூர்த்தத்துக்கு முந்தின நாளிலேயே நின்றுகொண்டிருந்தது. ஐந்து தாளையும் சேர்த்து ஒரே இழுப்பில் கிழித்தேன். நாலு தாள் மகனுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கப் போனது. ஐந்தாவதின் பின்பக்கத்தில் எழுதினேன்: "பைகளில் இருக்கும் துணியை மெஷினில் போடு. நூல் கடை அண்ணனுக்குப் போன் செய். தூங்கு."